பல் டாக்டருக்குப் பயந்து வெளியூர் போன அக்கா

என் அக்காவைப் பற்றி யாராவது பொறுமைசாலி எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு அவளை நினைத்தாலே ரத்தம் கொதிக்கிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் பொறுமைசாலி என்று யாரும் பிறக்கவில்லை. அத்தான் ஒருவர் வெளியிலிருந்து வந்து சேர்ந்தார், அவரும் எழுதுகிற ஆள் இல்லை. ஆகவே நானே சொல்லித் தொலைக்கிறேன்.

அக்கா தையல்காரி. கடைத்தெரு முனையில், சாவி வெட்டுகிறவர் கடைக்கும் செருப்பு தைக்கிறவர் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு இருக்கிறது அவள் கடை. பெரும்பாலும் மாற்றித் தைக்கிற வேலைதான். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைத் தளர்த்துவது, போன ஜிப்பை மாற்றுவது, நைந்த காலரைத் திருப்பி வைப்பது. நாலைந்து பேருக்கு மட்டும் அளவெடுத்துப் புதிதாகவும் தைப்பாள். மேஜைமேல் விதவிதமாகக் கத்தரிக்கோல்கள் கிடக்கும். ஆனாலும் நூலை அறுக்க அவளுக்குப் பல்தான் வேண்டும். நூல் ஓடி ஓடி முன்பல் ஒன்றின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டே விழுந்திருக்கிறது. அதைப் பெருமையாக வேறு காட்டுவாள். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள், சிரிப்பாள், சண்டை போடுவாள். இதுவரை ஒன்றையும் முழுங்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

கடைக்குள் அவள் ராணி. எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் நின்றுவிட்டால் அவள் சொன்னதுதான் சட்டம். ஒருமுறை ஏதோ பெரிய அதிகாரி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுத்தார். "மூச்சை விடுங்க சார், சட்டை போட்டுட்டு நாள் பூரா இப்படியே இருக்க முடியாது" என்றாள். அவர் மூச்சை விட்டார், சட்டையும் பொருத்தமாக அமைந்தது. இன்றுவரை அவளிடம்தான் வருகிறார்.

இவ்வளவு வாய் பேசுகிறவளுக்கு ஒன்று மட்டும் ஆகாது. தப்பு தன்மேல் இருக்கும்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு. சொல்லிவிடுவார்களோ என்று தோன்றினாலே போதும், ஆள் காணாமல் போய்விடுவாள். சின்ன வயதில் அப்பாவின் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டாள். ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு அதட்டலோடு முடிந்திருக்கும். அவளோ, டம்ளர் பக்கமே போனால் பேச்சு வரும் என்று பயந்து, வெகுநாள் குழாயில் வாய் வைத்தே தண்ணீர் குடித்தாள். பள்ளிக்குக் கொஞ்சம் தாமதமானால் டீச்சர் திட்டுவார் என்று அன்றைக்குப் பள்ளிக்கே போக மாட்டாள். மறுநாள் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று மறுநாளும் போக மாட்டாள். இப்படி ஒரு பிறவி.

இனி பல்லுக்கு வருகிறேன். வலதுபக்கக் கடைவாய்ப் பற்களை அவள் முன்னமே கோட்டை விட்டிருந்தாள். மெல்லுவதற்கு இருந்தது இடதுபக்கம் மட்டும்தான். அதிலும் மேலே இருந்த ஒரு பெரிய பல்தான் முக்கால்வாசி வேலையைப் பார்த்தது. அது வலிக்க ஆரம்பித்ததும், அடுத்த தெருவிலுள்ள டாக்டரம்மாவிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா அதிகம் பேசாதவர். கை மட்டும் அவ்வளவு பதமானது. ரூட் கெனால் செய்தார். நான்கைந்து தடவை போய் வந்ததில் உள்ளே இருந்த சீழெல்லாம் சுத்தமாகி வலி நின்றது. பிறகு பல்லைச் சுற்றிலும் இழைத்துச் சின்னதாக்கி, அளவெடுத்து, தற்காலிகமாக மூடி போல ஒரு கேப் மாட்டி அனுப்பினார். பத்து நாளில் நிஜக் கேப் வந்துவிடும், வந்து போட்டுக்கொள்ளுங்கள், இது சும்மா ஒப்புக்கு, நாளைக் கடத்தினால் பல் வீணாகிவிடும் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார். அக்கா தலையை ஆட்டிய ஆட்டில் கழுத்தே சுளுக்கியிருக்க வேண்டும்.

போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், வலி இல்லை. வலி இல்லாத பல்லுக்காக யாராவது கடையை மூடிவிட்டுப் போவார்களா என்று என்னையே கேட்டாள். அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடைகள் மொத்தமாக வந்து குவிந்தன. அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் தையல் மெஷின் மோட்டார் மக்கர் செய்தது. டாக்டரம்மாவிடம் வேலை பார்க்கும் உதவிப் பெண் போன் செய்து, கேப் வந்துவிட்டது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். நாளைக்கு என்றாள் அக்கா. மறுபடியும் போன் வந்தது. மறுபடியும் நாளைக்கு. சொல்லிச் சொல்லி அந்த நாளைக்கு ஒரு மாதத்துக்குமேல் நீண்டுவிட்டது. இதற்குள் வறுத்த ரொட்டியைக் கடித்ததில் தற்காலிகக் கேப் கழன்று, ரொட்டியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போயிற்று. அதற்கும் சேர்த்துத் திட்டு விழும் என்று அக்கா கணக்குப் போட்டாள். அடுத்தமுறை போன் அடித்தபோது அவள் செய்ததை உலகத்தில் வேறு யாராவது செய்வார்களா என்று நீங்களே சொல்லுங்கள்.

தான் ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டாள். மகன் வேலை பார்க்கிற ஊருக்கு வந்துவிட்டேன், இனி அவனோடுதான், நிரந்தரமாக என்று. மெஷினின் மிதிமேல் கால், மடியில் யாருடைய கால்சட்டையோ, வாயில் குண்டூசி. இந்தக் கோலத்தில் உட்கார்ந்துகொண்டு வெளியூரிலிருந்து பேசியிருக்கிறாள். உதவிப் பெண் போனை டாக்டரம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். அந்தம்மா பாவம், அப்படியா, சந்தோஷம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், விலாசம் கொடுத்தால் கேப்பைக் கூரியரில் அனுப்புகிறேன், அங்கே நல்ல டாக்டராகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வீட்டு நம்பர் சரியாகத் தெரியவில்லை, அப்புறம் சொல்கிறேன் என்று இவள் போனை வைத்துவிட்டாள். பெற்ற மகன் வீட்டு நம்பர் தெரியாதாம்.

இது எதையும் என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. நான் மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவள். இரண்டு நாள் கழித்து அந்த உதவிப் பெண் பஞ்சும் கையுறையும் வாங்க வந்தாள். அக்கா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று கேட்டாள். எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். மகன் வீட்டுக்கு என்று அவளே சொன்னாள். அக்காவோடு பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ம், போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றேன். அங்கே வெயிலா குளிரா என்றாள். குளிர் தாங்க முடியவில்லையாம் என்றேன். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாளாம் என்றுகூட எதற்கோ சேர்த்துச் சொல்லிவைத்தேன். பொய் சொல்வதில் ஒரு தொல்லை, ஆரம்பித்துவிட்டால் கை நிற்காமல் அலங்காரம் செய்யச் சொல்கிறது.

அன்று மத்தியானம் அக்கா கடையில் நான் போட்ட சத்தத்தில் சாவிக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குளிர்னு நீ ஏண்டி சொன்னே? நான் அங்க வெயில் ஜாஸ்தின்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவள் வாழ்ந்தது தலைமறைவு வாழ்க்கை. தெருவைப் பார்த்து உட்கார்ந்து தைத்தவள், மெஷினைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் ஊசியில் நூல் கோக்க முடியாமல் என் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். காய்கறி வாங்க டாக்டரம்மாவின் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். இவளோ பின்பக்கச் சந்து, பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடத்து மதில் என்று ஊரையே ஒரு சுற்று சுற்றி வந்தாள். கால் வலிக்கிறது என்று என்னிடம் தைலம் வேறு கேட்டாள். பல்லுக்காக அல்ல, பல்லிலிருந்து தப்பி ஓடியதற்காக.

அத்தான் பாடு இன்னும் மோசம். அவர் பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை செய்கிறவர், பொய் அவர் வாய்க்குள் நுழையவே நுழையாது. ஒருநாள் உதவிப் பெண் ரொட்டி வாங்கப் போன இடத்தில், அக்கா இல்லாமல் தனியாகக் கஷ்டப்படுகிறீர்களா என்று விசாரித்திருக்கிறாள். அத்தான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாம்மா, கஷ்டம்தான்" என்று சொல்லியிருக்கிறார். கண்கூடக் கலங்கியதாம். நன்றாக நடித்தீர்களே என்று பிறகு கேட்டேன். நடிக்கவில்லை, இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டதில்லை என்றார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகவே இருந்திருக்கும், அந்தப் பல் மட்டும் சும்மா இருந்திருந்தால். இழைத்துச் சின்னதாக்கிய பல் மூடியில்லாமல் வாய்க்குள் திறந்து கிடந்தது. அக்கா அந்தப் பக்கத்தை விட்டு முன்பற்களாலேயே மெல்லப் பழகினாள். அவளுக்காக வீட்டில் எல்லாமே குழைந்துபோயின. கேரட்டை மசித்தார்கள், ரொட்டியை டீயில் ஊறப் போட்டார்கள், ஆப்பிளைத் துருவிக் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிட்டார்கள். அடுப்பிலிருந்து மொறுமொறுவென்று எடுத்த ரொட்டியை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு வருகிற அத்தான், வீட்டில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். சில மாதத்தில் பல் விண்விண் என்று தெறிக்கத் தொடங்கியது. ஒரு மாத்திரை கொடு என்று ஆரம்பித்தாள். மாத்திரை பல்லைச் சரிசெய்யாது, உன் காதைத்தான் பொத்தும் என்று திட்டிக்கொண்டே கொடுத்தேன். டாக்டரிடம் போ என்பேன். போகிறேன் என்பாள். வேறு டாக்டரிடமாவது போ என்பேன். அவரும், முன்னால் பார்த்தது யார் என்று கேட்பாரே என்பாள். ஒரு கட்டத்தில் நான் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, பெட்ரோல் பங்க் பக்கம் வேறொரு மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதுதான் அவள் சுற்றுப்பாதையில் இருக்கிறதே.

ஒருநாள் காலையில் அத்தான் என்னைப் போனில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அக்காவின் இடதுகன்னம் பன்னாக உப்பி, கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. அந்த நிலையிலும் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், யாரோ ஒருத்தருக்கு ஜிப் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாளாம். அன்று என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. துண்டோடு ஆட்டோவில் ஏற்றி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த வேறொரு பல் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

அவர் இளைஞர். லைட்டைப் போட்டு மெதுவாகப் பார்த்தார். இதற்குக் கேப் செய்தார்களா என்று கேட்டார். செய்தார்கள் என்றேன். எங்கே இருக்கிறது என்றார். செய்தவரிடமே இருக்கிறது என்றேன். அவர் எந்த ஊர் என்றார். இந்த ஊர்தான், எங்களுக்கு அடுத்த தெரு என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அக்காவின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். வீக்கம் வடிய மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். வீக்கம் இறங்கியதும், அளவெடுத்தவரிடமே போனால் பல்லைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அங்கே போகவில்லையென்றால் பிடுங்குவது ஒன்றுதான் வழி, அதைத் தானே செய்துவிடுவதாகச் சொன்னார்.

"பிடுங்கிடுங்க" என்றாள் அக்கா. வாய் திறக்க முடியாதவளுக்கு அந்த வார்த்தை மட்டும் சுத்தமாக வந்தது.

வெளியே நாற்காலிகள் போட்டிருந்த இடத்தில் நாங்கள் போட்ட சண்டையை அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் வலியை மறந்து பார்த்தார்கள். மெல்ல இருக்கிற ஒரே பல், அது போனால் ஆயுசு முழுக்கக் கூழ்தான், தெரியுமா என்றேன். தெரியும் என்றாள். ஒரு பொய்யைக் காப்பாற்றப் பல்லைக் கொடுக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்றேன். அவள் துண்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். "போய் அவங்க முன்னாடி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உட்கார்றது? என்னன்னு சொல்றது, இப்பதான் ரயிலை விட்டு இறங்கினேன்னா?"

கோபத்தில், சொல்லேன், அதையும்தான் சொல்லித் தொலையேன் என்று கத்தினேன். அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

வீக்கம் வடிந்து, டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருந்த அன்று அக்காவை அழைத்துப்போகக் கடைக்குப் போனேன். நல்ல புடவையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பயணப் பெட்டி. ரயிலில் வந்தவள் வெறும் கையோடு போனால் நன்றாகவா இருக்கும் என்றாள். பெட்டியில் என்ன என்று திறந்து பார்த்தேன். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை அடைத்துவைத்திருந்தாள், கனம் வேண்டுமே என்று அடியில் இஸ்திரிப் பெட்டி. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் அவள் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால் போதும் என்கிற நிலைமைக்கு நான் வந்திருந்தேன். யானை மேல் வருகிறேன் என்றாலும் சரி என்றிருப்பேன். நேராகப் போனால் இரண்டு நிமிட நடை. கடைத்தெரு பக்கமிருந்து வந்தால் சந்தேகம் வரும் என்று, ரயில் நிலையத்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனோம். பெட்டியைத் தூக்கியது நான்தான்.

உதவிப் பெண் கதவைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பயணமெல்லாம் சௌகரியமா என்று கேட்டாள். ரயிலில் கூட்டம், உட்கார இடமே இல்லை என்றாள் அக்கா. உதவிப் பெண் பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள். அதன் கனத்துக்குக் கொஞ்சம் தடுமாறினாள்.

டாக்டரம்மா வழக்கம்போல் அமைதியாக வாங்க என்றார். நாற்காலியைச் சாய்த்து, லைட்டை இழுத்து, வெகுநேரம் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். அதற்குள் அந்தக் கேப் இருந்தது. பல் நிறத்திலேயே, பக்கத்துப் பல்லின் மஞ்சள்கூட லேசாகத் தெரிகிற மாதிரி செய்திருந்தார்கள். இடுக்கியால் எடுத்து அக்காவின் வாய்க்குள் வைத்தார். எடுத்தார். ஓரத்தைச் சுத்தம் செய்து மறுபடி வைத்தார். உட்கார்ந்துவிடு, உட்கார்ந்துவிடு என்று அந்த ஒரு துண்டுப் பீங்கானை மனதுக்குள் கெஞ்சினேன். அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாவது முறையும் பார்த்துவிட்டு அவர் இடுக்கியைத் தட்டில் வைத்தார்.

"அடியில உடைஞ்சு போச்சு. வேர்லயே கீறல் விழுந்திருக்கு. எடுக்கறதைத் தவிர வேற வழி இல்லை" என்றார். "ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட உட்கார்ந்திருக்கும்."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். மகன் ஊரில் நல்ல டாக்டர் கிடைக்கவில்லை, மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று மென்று முழுங்கத் தொடங்கினாள். டாக்டரம்மா அவளை முடிக்க விடவில்லை.

"நீங்க எங்கேயும் போகலைன்னு எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்."

போன் பேசிய மறுநாளே செருப்புத் தைக்கிற கடையில் அக்காவைப் பார்த்தாராம். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அவர் போகும்வரை அப்படியே நின்றாளாம். ஒரு மனுஷியை அப்படி நிற்க வைக்க அவருக்கு மனசு வரவில்லையாம். அதனால் அதற்குப் பிறகு அவர் கடைத்தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். பின்பக்கமாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறாராம். என்னிடம் வந்து விசாரிக்கச் சொன்னதும் அவர்தான். தங்கையிடம் கேட்டால் அவளாவது உண்மையைச் சொல்லி அழைத்து வருவாள் என்று நினைத்தாராம். "நீங்க ஸ்வெட்டர் பின்றாங்கன்னு சொல்லி அனுப்பிட்டீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உதவிப் பெண் சட்டென்று பஞ்சு டப்பாவைத் திறந்து எதையோ தேடினாள்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். இவள் அவருக்குப் பயந்து ஊரைச் சுற்றியிருக்கிறாள். அவர் இவளுக்குச் சங்கடம் வேண்டாமென்று ஊரைச் சுற்றியிருக்கிறார். இரண்டு பேரும் அந்தப் பெட்ரோல் பங்க் பக்கம் முட்டிக்கொள்ளாமல் இருந்ததே அதிசயம். "ரெண்டு பேரும் மரியாதை பார்த்துப் பார்த்து ஒரு பல்லைக் கொன்னுட்டீங்க" என்று சொல்லிவிட்டேன்.

"ஒரு வார்த்தை கூப்பிட்டுத் திட்டியிருக்கலாமே டாக்டர்" என்றாள் அக்கா.

"திட்டுவேன்னுதானே ஊரை விட்டே போனீங்க?"

ஊசி போட்டார்கள். பல் எளிதில் வரவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது, அக்கா நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை. பல் இருந்த இடத்தில் இரண்டு தையல் போட்டார் டாக்டரம்மா. கண்ணாடியை வாங்கிப் பார்த்த அக்கா, பஞ்சுக்கு நடுவே, முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறது என்றாள். அவள் திருந்தவே மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டைச் சுத்தம் செய்த உதவிப் பெண் அந்தக் கேப்பையும் குப்பையில் போட எடுத்தாள். அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வேறொரு தையல்காரர் தைத்த சட்டையைப் பார்க்கிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உட்பக்கம் பார்த்தாள். நகத்தால் ஓரத்தைத் தடவினாள். இதை வேறு யாருக்காவது போட முடியுமா என்று கேட்டாள்.

முடியாது, அது அக்காவின் பல்லுக்கென்றே அளவெடுத்தது, உலகத்தில் வேறு எந்தப் பல்லிலும் உட்காராது என்றார் டாக்டரம்மா. இரண்டு தடவை திருப்பி அனுப்பித் தானே நிறம் சொல்லிச் செய்ய வைத்ததாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

அக்கா மரத்துப்போன உதட்டோடு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். "என் கடையில ஒரு கோட் தொங்குது டாக்டர். அளவெடுத்துத் தெச்சது. ரெண்டு வருஷமா வாங்க வரலை. அந்த ஆளைத் தெருவுல பார்த்தா நானும் ஒண்ணும் கேக்கறதில்லை. ஆனா தினமும் கடையைத் திறந்ததும் அது கண்ணுல படும். வயிறு எரியும்." கேப்பைத் தட்டில் வைத்தாள். "உங்களுக்கும் இந்த டிராயரைத் திறக்கிறப்பல்லாம் அப்படித்தானே இருந்திருக்கும்?"

டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழற்றினார். மூக்கின்மேல் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. "ஆமாம்" என்றார். "எரிஞ்சுது."

அதற்குப் பிறகு திட்ட ஆரம்பித்தார். அந்த அமைதியான மனுஷிக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்கு வியப்பு. கையில் வேலையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது என்ன பழக்கம் என்று ஆரம்பித்தார். அத்தனை நாள் உட்கார்ந்து வேரை வேராகச் சுத்தம் செய்தது இதற்காகவா என்று கேட்டார். முன்பல்லில் நூலைக் கடிப்பதிலிருந்து மாத்திரை முழுங்கியது, பெட்டி தூக்கி வந்தது வரை ஒன்றையும் விடவில்லை. கீழே இன்னும் இரண்டு பல் ஆடிக்கொண்டிருக்கிறது, அடுத்த வாரம் வரவில்லையென்றால் கடைக்கே வந்து, வாடிக்கைக்காரர்களை வைத்துக்கொண்டு கத்துவேன் என்றார். நான் அக்காவைப் பார்த்தேன், இப்போது எழுந்து ஓடுவாள் என்று. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணிலிருந்து நீர் வழிய வழிய, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். ஒருமுறைகூடக் கதவுப் பக்கம் திரும்பவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடமாக நான் சேர்த்துவைத்திருந்த திட்டில், எனக்கென்று ஒரு வார்த்தையும் மிச்சம் இருக்கவில்லை.